கரியமில வாயுவை ஒளியால் ஒடுக்கும் மலிவு உலோக வினையூக்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளியின் துணையோடு கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாகவோ ஃபார்மேட்டாகவோ மாற்றும் வினையில் இரும்பு, கோபால்ட், நிக்கல், மாங்கனீசு, செம்பு போன்ற மலிவு உலோகங்களை வைத்து வேலை தொடங்குபவர்களுக்கான பக்கம் இது. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகனஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது. இளநிலை வேதியியல் தெரியும் என்று எடுத்துக்கொண்டோம். கார்பன் மோனாக்சைடை இனிச் சுருக்கமாக ‘சிஓ’ என்றே சொல்வோம்.

ருத்தேனியமும் இரிடியமும் நம் நாட்டு மண்ணிலேயே கிடைக்கின்றன. பிறகு ஏன் இரும்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

நியாயமான கேள்வி. உலகத்துக்கு வரும் ருத்தேனியம், இரிடியத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறைத்தொகுதியிலிருந்துதான் போகிறது. ஆனால் அந்தத் தாதுவில் பிளாட்டினக் குடும்பம் மொத்தமும் சேர்ந்தே டன்னுக்குச் சில கிராம்தான். அதில் ருத்தேனியம் ஒரு சிறு பங்கு, இரிடியம் அதைவிடச் சிறிது. இரண்டும் பிளாட்டினத்தின் பக்கவிளைவாகவே கிடைக்கின்றன. தேவை பத்து மடங்கு கூடினாலும் அவற்றுக்காக மட்டும் யாரும் புதுச் சுரங்கம் தோண்டப்போவதில்லை.

கணக்காகப் பாருங்கள். ஒரு டன் சிஓ என்பது சுமார் 35,700 மோல். வினையூக்கியின் ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரம் முறை வேலை செய்துவிட்டுச் செத்துப்போனால் 35.7 மோல் வினையூக்கி வேண்டும். ருத்தேனியமானால் உலோகம் மட்டுமே 3.6 கிலோ; இரும்பானால் 2 கிலோ. இரண்டு கிலோ இரும்பு பழைய இரும்புக் கடையில் கிடக்கும். புவியோட்டில் இரும்பு எடையில் சுமார் 5 விழுக்காடு. ருத்தேனியமோ நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவு. மாங்கனீசைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: வட கேப் மாகாணத்தில் ஹோட்டசல் பக்கத்துக் கலஹாரி வயல் உலகின் மிகப்பெரிய மாங்கனீசுக் கிடங்கு. அங்கிருந்து மாங்கனீசு வினையூக்கி விற்கப் போவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகாது. அந்தத் தெருவில் அந்த ஊசியை இன்னும் யாரும் செய்யவில்லை.

ஒரு எச்சரிக்கை: கோபால்ட்டை ‘மலிவு உலோகம்’ பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுகிறார்கள். அதன் உற்பத்தியில் பெரும்பகுதி காங்கோ ஒன்றையே நம்பியிருக்கிறது. ஆய்வறிக்கையின் முன்னுரையில் அதைச் சொல்லிவிடுவது நேர்மை.

குப்பிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஒளியுணரி ஒளியை விழுங்குகிறது. எலக்ட்ரான் வழங்கி அதற்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. எலக்ட்ரான் ஏறிய ஒளியுணரி அதை வினையூக்கியிடம் ஒப்படைக்கிறது. இப்படி இரண்டு சுற்று நடந்தால் வினையூக்கி ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடித்து, புரோட்டான் துணையோடு ஒரு ஆக்சிஜனை நீராக உதிர்த்து, சிஓவை விடுகிறது.

ஒரே எலக்ட்ரானை நேரடியாக ஏற்றினால் ஆகாதா என்றால், ஆகாது. கரியமில வாயுவில் ஒற்றை எலக்ட்ரான் ஏற்ற ஹைட்ரஜன் மின்வாயை ஒப்பிட்டு –1.90 வோல்ட் வேண்டும். நேர்கோட்டு மூலக்கூறு வளைந்தாக வேண்டியிருப்பதால் வரும் விலை அது. இரண்டு எலக்ட்ரானும் இரண்டு புரோட்டானும் சேர்த்துக் கொடுத்தால் நடுநிலை நீரில் சிஓவுக்கு –0.53, ஃபார்மிக் அமிலத்துக்கு –0.61 வோல்ட் போதும். அந்த மலையைச் சுற்றிக்கொண்டு போக வழிகாட்டுவதுதான் வினையூக்கியின் வேலை.

இயற்கை இதை எப்போதோ செய்துவிட்டது. சில பாக்டீரியாக்களின் கார்பன் மோனாக்சைடு டிஹைட்ரஜனேஸ் நொதியில் நிக்கலும் இரும்பும்தான் இருக்கின்றன.

எந்த உலோகத்தில் தொடங்கலாம்?

முதல் வேலை என்றால் நான்கு பிரிடின் வளையம் வரிசையாகக் கோத்த குவாட்டர்பிரிடினோடு சேர்ந்த கோபால்ட் அல்லது இரும்பு. மிதமான மின்னழுத்தத்திலேயே வேலை செய்யும். சாதாரண ருத்தேனியம் ஒளியுணரியே (ருத்தேனியம் டிரிஸ்பைபிரிடின்) அதை ஓட்டும். சிஓ மட்டுமே பெரும்பாலும் வரும்.

இரும்பு போர்ஃபைரின் ராஜபாட்டை. சவேயான் குழு 2012-இல் போர்ஃபைரினின் பீனைல் வளையங்களில், உலோகத்துக்குப் பக்கத்திலேயே பீனால் தொகுதிகளை வைத்துக் காட்டியது. புரோட்டானைக் கையெட்டும் தூரத்தில் வைத்தால் வேகம் பல மடங்கு ஏறும் என்பது அதிலிருந்துதான் எல்லோருக்கும் உறைத்தது. 2017-இல் ரொபேர், போனன் குழுவினர் நேர்மின்சுமை ஏற்றிய இரும்பு போர்ஃபைரினால் கட்புல ஒளியில் மீத்தேன் வரை போனார்கள். எட்டு எலக்ட்ரான்! ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாதாரண டெட்ராபீனைல் போர்ஃபைரினில் இரும்பு பூஜ்ய நிலைக்கு இறங்க கலோமல் மின்வாயை ஒப்பிட்டு –1.67 வோல்ட் வேண்டும். எலக்ட்ரான் ஏறிய ருத்தேனியம் டிரிஸ்பைபிரிடினால் –1.33தான் கொடுக்க முடியும். அதை வைத்து இதை ஓட்டப் பார்த்து மாதக்கணக்கில் வெறும் ஹைட்ரஜனை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மீத்தேன் வேலையில் இரிடியம் ஒளியுணரி வந்தது இந்த இடைவெளியை அடைக்கத்தான். எதை வாங்கும் முன்பும் ஒளியுணரி, வினையூக்கி இரண்டின் ஒடுக்க மின்னழுத்தங்களை ஒரே ஒப்பு மின்வாய்க்கு மாற்றி ஒரு காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மாங்கனீசு பைபிரிடின் டிரைகார்பனைல் புரோமைடு மின்வேதியியலில் 2011-இல் பேசப்பட்டது. ஒளிவினைக்கு 2014-இல் வந்தது, அங்கே முக்கிய விளைபொருள் ஃபார்மிக் அமிலம். அதை வெளிச்சத்தில் எடை போடாதீர்கள். ஒளி பட்டால் தன்னிடமுள்ள சிஓவையே உதிர்க்கும். ஒரு மூலக்கூறில் மூன்று சிஓ இருப்பதால், ‘சுழற்சி எண் 3’ (ஒரு வினையூக்கி மூலக்கூறுக்கு மூன்று சிஓ) வரை வந்தால் அது வினையே நடக்காமல் வந்ததாகவும் இருக்கலாம்.

நிக்கல் சைக்ளம் 1984 முதல் தெரிந்த பழம்பெருச்சாளி. நீரில் வேலை செய்யும். சிஓ கூடிவிட்டால் ஒற்றை நேர்மின் நிக்கல் அதையே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.

வினையூக்கி இரும்பு. ஒளியுணரியையும் இரும்பிலேயே செய்யக்கூடாதா?

இந்தத் துறையின் தொண்டையில் மாட்டிய முள் இதுதான். ருத்தேனியம் டிரிஸ்பைபிரிடின் கிளர்நிலையில், ஆக்சிஜன் இல்லாத அசிட்டோநைட்ரைலில், ஏறத்தாழ 900 நானோவினாடி உயிரோடிருக்கும். பக்கத்து மூலக்கூறைச் சந்திக்க அது தாராளம். அதே ஈனிகளோடு இரும்பை வைத்தால் பயன்படும் கிளர்நிலை ஒரு பிக்கோவினாடிகூடத் தாங்காது. இரும்பின் சொந்த டி-ஆர்பிட்டல் நிலைகள் தாழ இருப்பதால், ஏறிய ஆற்றல் ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போல அங்கே ஒழுகிவிடுகிறது. வலுவான கார்பீன் ஈனிகளால் அந்த நிலைகளை மேலே தள்ளி 2019-இல் சுமார் 2 நானோவினாடி வரை கொண்டுவந்திருக்கிறார்கள். பெரிய சாதனைதான்; கலந்து ஓட்டும் வினைக்கு இன்னும் இடுக்கமே.

இப்போதைக்கு வழி இரண்டு. ஒன்று செம்பு: பினாந்த்ரோலினின் 2,9 இடங்களில் மீத்தைல் போன்ற தடுப்பு வைத்து, பாஸ்பீன் ஈனியும் சேர்த்தவை. தடுப்பு எதற்கென்றால், கிளர்ந்த செம்பு நான்முகியிலிருந்து தட்டையாகச் சாயும். சாய்ந்தால் கரைப்பான் உள்ளே புகுந்து அணைத்துவிடும். அசிட்டோநைட்ரைல் செம்பின்மேல் பாசமுள்ள கரைப்பான் என்பதால் ஈனிகள் இடம்மாறுவதும் நடக்கும். ஸ்டாக் கரைசலை அன்றன்றே செய்யுங்கள்.

இன்னொன்று உலோகமே இல்லாத கரிமச் சாயம், முக்கியமாகப் பர்பூரின். இது நம் நாட்டுமருந்துக் கடை மஞ்சிட்டி வேரில் இருக்கும் அதே சிவப்புச் சாயம். அதற்காக மஞ்சிட்டிப் பொடியை வாங்கிக் கரைத்துவிடாதீர்கள். அதில் கூடவே வரும் பிற ஆந்த்ராகுவினோன்களைப் பிரிக்கவே ஒரு மாதம் போய்விடும். தூய பர்பூரின் பாட்டிலாகவே கிடைக்கிறது.

முதல் சோதனைக்கு நம்பகமான அளவுகள் சொல்லுங்கள்.

செப்டம் (ஊசி குத்தக்கூடிய ரப்பர்) மூடியுள்ள, மொத்தக் கொள்ளளவு 15 மி.லி. வரும் போரோசிலிகேட் குப்பி. கரைசல் 5 மி.லி., மேலே வாயு இடம் 10 மி.லி. இந்த 15-ஐப் பெட்டியில் அச்சடித்ததைப் பார்த்து நம்பாதீர்கள். குப்பியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி எடை போட்டு எண்ணை மூடியில் எழுதிவையுங்கள்.

கரைப்பான்: அசிட்டோநைட்ரைல் 4 மி.லி., டிரைஎத்தனாலமீன் 1 மி.லி. டிரைஎத்தனாலமீன் பிசுபிசுப்பானது, பிப்பெட்டில் பாதி ஒட்டிக்கொள்ளும், 1.12 கிராம் என்று எடையாகவே ஊற்றுங்கள்.

எலக்ட்ரான் வழங்கி: 1,3-டைமீத்தைல்-2-பீனைல்பென்சிமிடசோலின். ஆய்வகத்தில் எல்லோரும் ‘பிஐஎச்’ என்பது இதைத்தான். மூலக்கூறு எடை 224.3, 0.1 மோலார் கரைசலுக்கு 112 மி.கி.

ஒளியுணரி: ருத்தேனியம் டிரிஸ்பைபிரிடின் குளோரைடு (ஆறு நீர் சேர்ந்தது, 748.6) 0.3 மில்லிமோலார், அதாவது 1.1 மி.கி. இவ்வளவு சிறிய எடையைத் தராசில் துல்லியமாகப் போட முடியாது. பத்து மடங்கு ஸ்டாக் செய்து எடுங்கள். முழுக்க மலிவு அமைப்பு வேண்டுமென்றால் இதற்குப் பதில் பர்பூரின் 2 மில்லிமோலார், 2.6 மி.கி.

வினையூக்கி: 1 மில்லிமோலார் ஸ்டாக்கிலிருந்து 25 மைக்ரோலிட்டர். குப்பியில் 5 மைக்ரோமோலார் ஆகும், 25 நானோமோல்.

வினையூக்கியைக் கடைசியில் சேர்த்து மூடுங்கள். கரியமில வாயுவை இன்னொரு குப்பியிலுள்ள அசிட்டோநைட்ரைல் வழியாக முதலில் குமிழவிட்டு, பிறகு உங்கள் கரைசலில் 20 நிமிடம் மெதுவாக விடுங்கள். அந்த இடைக்குப்பி இல்லாவிட்டால் உலர்ந்த வாயு கரைப்பானை வாரிக்கொண்டு போய்விடும். டர்பன் கோடையில் அரை மி.லி. காணாமல் போவது பெரிய விஷயமே அல்ல. வெளியேறும் ஊசியை முதலில் எடுக்காமல் வாயு வரும் ஊசியை முதலில் உருவுங்கள், ஒரு வினாடி கழித்து மற்றது. அப்போதுதான் உள்ளே வெளியழுத்தமே இருக்கும்.

450 நானோமீட்டர் நீல எல்இடி, நடுவில் சிறு நீர்த்தொட்டி, 25 டிகிரி. எல்இடி குளிர்ந்த ஒளி என்று பெயர்தான்; மின்விசிறி இல்லாமல் வைத்தால் குப்பி 45 டிகிரிக்குப் போய்விடும்.

பிஐஎச் எதற்கு? டிரைஎத்தனாலமீனே எலக்ட்ரான் கொடுக்கும் என்கிறார்களே?

கொடுக்கும், தயங்கித் தயங்கி. அதன் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் கலோமல் மின்வாயை ஒப்பிட்டு ஏறத்தாழ +0.80 வோல்ட், கிளர்ந்த ருத்தேனியத்தால் இழுக்க முடிவது +0.77. பிஐஎச் +0.33-இலேயே விட்டுக்கொடுத்துவிடும். அதோடு, ஒரு எலக்ட்ரானை இழந்த பிஐஎச் தன் புரோட்டானையும் உதிர்த்துவிட்டால் இரண்டாவது எலக்ட்ரானையும் கொடுத்துவிட்டு ஓய்கிறது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்காது. அந்தப் புரோட்டானை வாங்கிக்கொள்ளும் காரமாகத்தான் இந்த அமைப்பில் டிரைஎத்தனாலமீன் இருக்கிறது.

பிஐஎச் கையிலேயே செய்யலாம்: ஆர்த்தோ-பீனிலீன்டயமீனும் பென்சால்டிஹைடும் சேர்ந்த 2-பீனைல்பென்சிமிடசோலை மீத்தைல் அயோடைடால் இருமுறை மீத்தைலேற்றி, சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கி, எத்தனால்–நீரில் படிகமாக்குதல். மீத்தைல் அயோடைடு புற்றுநோய் அச்சமுள்ளது. புகைக்கூண்டை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. நல்ல பிஐஎச் வெண்ணிறம். என்எம்ஆரில் 4.9-க்குச் சற்றுக் கீழே ஒற்றைச் சிகரம், 2.6 பக்கம் ஆறு புரோட்டான். மஞ்சள் தட்டினால் மறுபடியும் படிகமாக்குங்கள்.

டிரைஎத்தனாலமீன் பாட்டிலில் கட்டியாக உறைந்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. அதன் உருகுநிலை சுமார் 21 டிகிரி. ஜோகனஸ்பர்க் ஜூலைக் குளிரில் உறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 40 டிகிரி நீரில் வையுங்கள், முழுவதும் உருகிய பிறகே எடுங்கள்; பாதி உருகியதில் தண்ணீரும் மாசும் திரவப் பகுதியில் சேர்ந்திருக்கும். டர்பனில் பிரச்சினை நேர்மாறு: ஈரத்தை உறிஞ்சும். உறைந்தது பரவாயில்லை, மஞ்சளானதுதான் ஆகாது. மஞ்சள் என்றால் ஆக்சிஜனேற்றம் நடந்திருக்கிறது. நீல ஒளியை அதுவே தின்னும். வெற்றிடத்தில் காய்ச்சி வடியுங்கள் அல்லது புதுப் பாட்டில் திறங்கள்.

சிஓ வந்தது. அது கரியமில வாயுவிலிருந்துதான் வந்தது என்று எப்படி நம்புவது?

சந்தேகப்படுவதுதான் இந்த வேலையின் முக்கால்வாசி. வினையூக்கி இல்லாமல், ஒளியுணரி இல்லாமல், பிஐஎச் இல்லாமல், இருட்டில், கரியமில வாயுவுக்குப் பதில் ஆர்கானில் என்று ஐந்து வெற்றோட்டங்கள் கட்டாயம். ஆறாவதாக ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: அழகான ஈனி வினையூக்கிக்குப் பதில் அதே அளவு வெறும் கோபால்ட் குளோரைடு அல்லது இரும்பு குளோரைடு. பைபிரிடின் சிதறிக் கிடக்கும் கரைசலில் வெறும் கோபால்ட் உப்பே சிஓ தரும். 1982-இலேயே லேன், சீசெல் இருவரும் ருத்தேனியம் டிரிஸ்பைபிரிடினோடு கோபால்ட் குளோரைடைப் போட்டு சிஓவும் ஹைட்ரஜனும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் ஈனியின் பெருமை இந்த எண்ணுக்கு மேல் எவ்வளவு என்பதில்தான்.

ருத்தேனியம் ஒளியுணரியும் பரமசாது அல்ல. ஒரு பைபிரிடினை இழந்த துண்டு தானே கரியமில வாயுவை ஒடுக்கி ஃபார்மேட்டும் சிஓவும் தரும். ‘வினையூக்கி இல்லாத’ வெற்றோட்டத்தில் ஃபார்மேட் வந்தால் பதறாதீர்கள். கழித்துக்கொள்ளுங்கள், ஆனால் அறிக்கையில் காட்டுங்கள்.

டைமீத்தைல்ஃபார்மமைடைக் கரைப்பானாக வைத்து ஃபார்மேட் அளக்கிறவர்களுக்கு: அந்தக் கரைப்பான் ஈரமும் காரமும் சேர்ந்தால் தானே சிதைந்து ஃபார்மேட்டும் டைமீத்தைலமீனும் தரும், சூடானால் சிஓவும் தரும். திருடனையே காவலுக்கு வைத்த மாதிரி. ஃபார்மேட் வேலைக்கு அசிட்டோநைட்ரைலே மேல்.

இறுதித் தீர்ப்பு கார்பன்-13 ஏற்றிய வாயு. நிறை நிறமாலையில் சிஓவின் நிறை 28-இலிருந்து 29-க்கு நகர வேண்டும். 28-இல் காற்றின் நைட்ரஜனும் உட்காரும் என்பதால், ஜிசி (வாயு நிறப்பிரிகைக் கருவி) பிரித்துக் கொடுத்த சிஓ சிகரத்தில் மட்டும் பாருங்கள்.

டர்பனில் ஒரு எண், ஜோகனஸ்பர்க்கில் ஒரு எண். செய்முறை ஒன்றுதானே?

உயரத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா? கடல் மட்டத்தில், 25 டிகிரியில், ஒரு மோல் வாயு 24.5 லிட்டர். ஜோகனஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டில் காற்றழுத்தம் ஏறத்தாழ 83 கிலோபாஸ்கல்தான். அங்கே ஒரு மோல் 29.9 லிட்டர். 10 மி.லி. வாயு இடத்தில் 1 விழுக்காடு சிஓ என்றால் டர்பனில் 4.1 மைக்ரோமோல், ஜோகனஸ்பர்க்கில் 3.35. மேட்டில் உட்கார்ந்துகொண்டு பாடநூலின் 24.5-ஐப் போட்டால் உங்கள் வினையூக்கி சும்மா இருந்தே 22 விழுக்காடு கெட்டிக்காரனாகிவிடும். அளவீட்டு வாயுவை அதே ஊரில், அதே ஊசியால் செலுத்தினால் விழுக்காடு சரியாகவே வரும். தவறு நுழைவது விழுக்காட்டை மோலாக மாற்றும் அந்த ஒரு வரியில். அன்றைய காற்றழுத்தத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

கரைந்த கரியமில வாயுவும் அழுத்தத்தோடு குறையும். அசிட்டோநைட்ரைலில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 0.28 மோலார், மேட்டில் அதில் ஐந்தில் நான்கு பங்கு. (நீரில் 0.034 மட்டுமே. எல்லோரும் அசிட்டோநைட்ரைலை விடாமல் பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)

சுழற்சி எண் பதினாயிரம் என்று கட்டுரைகளில் வருகிறதே, எங்களுக்கு ஏன் வரவில்லை?

சுழற்சி எண் ஒரு பின்னம். மேலே விளைபொருள், கீழே வினையூக்கி. கீழே இருப்பதை நூறு மடங்கு குறைத்தால் மேலே இருப்பது பத்து மடங்கு குறைந்தாலும் எண் பத்து மடங்கு ஏறிவிடும். எங்கள் செய்முறையில் பிஐஎச் 0.5 மில்லிமோல், அதனால் சிஓ அதிகபட்சம் 0.5 மில்லிமோல், வினையூக்கி 25 நானோமோல். உச்சவரம்பு 20,000. வினையூக்கியை 50 நானோமோலார் ஆக்கினால் உச்சவரம்பு 20 லட்சம்! ஆனால் மொத்த சிஓ வெற்றோட்டத்தின் அளவுக்கு இறங்கிவிட்டால் அந்த எண்ணில் சாரமில்லை. எண்ணோடு மைக்ரோமோலையும் போடாத கட்டுரையை இரண்டாம் முறை படிக்க வேண்டியதில்லை.

குவாண்டம் விளைதிறன்?

விழுங்கிய ஃபோட்டான்களுக்கு எத்தனை விழுக்காடு சிஓ வந்தது என்ற கணக்கு இது. 450 நானோமீட்டரில் ஒரு மில்லிவாட் என்பது வினாடிக்கு 3.76 நானோமோல் ஃபோட்டான். கரைசல் 10 மில்லிவாட் விழுங்கினால் ஒரு மணி நேரத்தில் 135 மைக்ரோமோல். அதே நேரத்தில் 4.1 மைக்ரோமோல் சிஓ வந்தால் 3 விழுக்காடு; இரண்டு எலக்ட்ரான் என்று இரண்டால் பெருக்கிச் சொல்பவர்களுக்கு 6. எந்த வரையறை என்று எழுதாவிட்டால் ஒப்பிட முடியாது. விளக்கின் சக்தியை விற்பவரின் தாளிலிருந்து எடுக்காதீர்கள். பொட்டாசியம் ஃபெர்ரியாக்சலேட்டால் அளந்துகொள்ளுங்கள், இருட்டறையில் சிவப்பு விளக்கில்.

இரண்டு மணி நேரத்தில் வினை நின்றுவிடுகிறது. யார் செத்தது?

பிரேதப் பரிசோதனை எளிது. நின்றுபோன குப்பியை ஒரே மாதிரி நான்கு தயார் செய்து, ஒன்றில் புதிய வினையூக்கி, ஒன்றில் புதிய ஒளியுணரி, ஒன்றில் பிஐஎச் சேர்த்து, நான்காவதில் கரியமில வாயுவை மட்டும் மறுபடி குமிழவிட்டு ஒளியில் வையுங்கள். எது எழுந்து நடக்கிறதோ அதுதான் செத்திருந்தது. பெரும்பாலும் ஒளியுணரி. ருத்தேனியத்தின் 452 நானோமீட்டர் பட்டை தாழ்ந்து, நீண்ட அலைநீளத்தில் வால் முளைத்திருந்தால் பைபிரிடின் கழன்றிருக்கிறது.

வாயுவை மட்டும் மாற்றியது எழுந்தால், குற்றவாளி சேர்ந்திருந்த சிஓதான். நிக்கலிலும் சில இரும்புச் சேர்மங்களிலும் இது வழக்கம். இரும்பு போர்ஃபைரினின் சோரே பட்டை (அந்த வளையம் ஒளியை வலுவாக விழுங்கும் நிறமாலைப் பட்டை) மங்கிக்கொண்டே போனால் வளையமே ஒடுங்கி நாசமாகிறது. அதற்குப் புது வினையூக்கி தவிர மருந்தில்லை.

தொடக்கத்தில் பத்து நிமிடம் ஒன்றுமே வராமல் பிறகு வினை ஓடத் தொடங்கினால் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. முதலில் வரும் எலக்ட்ரான்களையெல்லாம் அது தின்றுவிட்டுத்தான் வழிவிடும். ஜிசியில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஒன்றுக்கு நான்கு என்ற அளவில் தெரிந்தால் செப்டம் கசிகிறது. ஒரு செப்டத்தை நான்கு குத்துக்கு மேல் நம்பாதீர்கள். தொடக்கத் தாமதம் இருந்து கரைசலும் கலங்கியிருந்தால் வேறு கதை: வினையூக்கி உடைந்து நானோதுகளாகி, அந்தத் துகள்தான் வேலை செய்கிறது. ஒரு துளி பாதரசம் சேர்த்துக் கலக்கி வினை நிற்கிறதா பாருங்கள். ஒளிச்சிதறலும் அளந்து பாருங்கள்.

ஜிசி பக்கத்தில் கவனிக்க வேண்டியது?

ஐந்து ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடைக் குழாயில் சிஓ அழகாகப் பிரியும். ஆனால் கரியமில வாயு உள்ளேயே தங்கிவிடும். உங்கள் மாதிரியில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதுதான். வால்வு வைத்துத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் சிஓவின் சிகரம் நாளுக்கு நாள் முன்னே நகரும். குழாயைச் சூடேற்றி மீட்க வேண்டிவரும். ஹீலியத்தைக் கேரியராக வைத்தால் ஹைட்ரஜன் சரியாகத் தெரியாது, இரண்டின் வெப்பக்கடத்துதிறனும் நெருங்கியவை. ஹைட்ரஜனுக்கு ஆர்கான்.

லோட்ஷெட்டிங் வரும் நாட்களில், இரண்டு இரண்டரை மணி நேரம் மின்சாரம் போனால் விளக்கு நின்றது போக, ஜிசி மறுபடி நிலைகொள்ளவும் பாதி நாள் ஆகும். விளக்கும் ஜிசியும் ஒரே இன்வெர்ட்டரில் இருக்கட்டும். ஜிசிக்குள் இருக்கும் அடுப்பின் சுமையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மின்சாரம் திரும்பியதும் கேரியர் வாயு ஓடுகிறதா என்று பார்க்காமல் டிடெக்டர் இழையைச் சூடேற்றாதீர்கள். உள்ளே காற்று இருந்தால் இழை எரிந்துபோகும். இடையில் அறுபட்ட ஓட்டத்தைக் குவாண்டம் விளைதிறனுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இதை செகுண்டா மாதிரி ஆலையில் வைத்துப் பெட்ரோல் எடுக்க முடியுமா?

சங்கிலியின் பின்பாதி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. சசோல் நிறுவனம் செகுண்டாவில் நிலக்கரியை வாயுவாக்கி, சிஓவையும் ஹைட்ரஜனையும் இரும்பு வினையூக்கியில்தான் எரிபொருளாக்குகிறது. செறிவான கரியமில வாயுவும் அங்கே ஏராளம். ஆனால் அதில் கந்தகச் சேர்மங்கள் கலந்திருக்கும், நம் வினையூக்கிகளுக்கு அது விஷம்.

முன்பாதிதான் சிக்கல். மேலே சொன்ன செய்முறையில் ஒரு டன் சிஓ எடுக்க 8 டன் பிஐஎச் எரிய வேண்டும், அதையும் சோடியம் போரோஹைட்ரைடு போட்டுத்தான் செய்தோம். கரியமில வாயுவை சிஓவும் ஆக்சிஜனுமாகப் பிரிக்க மோலுக்கு 257 கிலோஜூல் வேண்டும். நம் குப்பியில் அந்த விலையின் பெரும்பகுதியை ஒளி கட்டவில்லை, பிஐஎச் கட்டுகிறது. எலக்ட்ரானைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் மறுபாதியோடு இணையும்வரை இது வினையூக்கியைச் சோதிக்கும் மேடை மட்டுமே. நிதி விண்ணப்பத்தில் ‘சூரிய எரிபொருள்’ என்று எழுதும் முன் இந்தப் பத்தியை ஒரு முறை படியுங்கள்.

மொட்டைமாடி வெயிலில் வைத்துப் பார்க்கலாமா?

காட்சிக்கு வைக்கலாம், அளவீட்டுக்கு வேண்டாம். டர்பன் வெயிலில் குப்பி அரை மணியில் சூடேறி செப்டம் புடைக்கும்; புற ஊதாக் கதிர் பிஐஎச்சையே நேரடியாகத் தாக்கும். வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் 420 நானோமீட்டருக்குக் கீழே வெட்டும் வடிகட்டியும் நீர்த்தொட்டியும் வேண்டும்.

பாதுகாப்பும் கழிவும்?

ஒரு குப்பியில் அதிகபட்சம் 12 மி.லி. சிஓ, அது பெரிய ஆபத்தில்லை. ஆபத்து அளவீட்டுக்கு வாங்கும் உருளையில். தூய சிஓ வாங்காதீர்கள். ஆர்கானில் 1 விழுக்காடு கலந்த சான்றிதழ் வாயு போதும். அறையில் சிஓ எச்சரிக்கைக் கருவி இருக்கட்டும், மூக்கை நம்பாதீர்கள், அதற்கு மணமே இல்லை. நிக்கலும் சிஓவும் சேரும் குப்பியைப் புகைக்கூண்டுக்குள் மட்டுமே திறங்கள்: நிக்கல் டெட்ராகார்பனைல் துளி அளவிலும் கொல்லும்.

முடிந்த கரைசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். கோபால்ட், நிக்கல் கழிவுக்குத் தனிப் புட்டி; ருத்தேனியக் கழிவுக்கு இன்னொன்று. ருத்தேனியப் புட்டி நிரம்பினால் தூக்கிப் போடாமல் உலோகம் மீட்பவர்களிடம் விசாரியுங்கள். அசிட்டோநைட்ரைல் கழிவை ப்ளீச்சோடு சேர்க்கவே கூடாது. புட்டியின் மூடியை முதல் நாள் இறுக்காமல் வையுங்கள்; டிரைஎத்தனாலமீனில் தங்கிய கரியமில வாயு மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும்.